வாடல் காடு

சின்னுசாமி இறந்த சேதி மேட்டூரிலிருந்து ஒன்பது நாள் கழித்துத்தான் ஊர் வந்து சேர்ந்தது. அணைக்கட்டு வேலைக்குக் கல் இழுக்க அவனோடு வண்டி கட்டிப் போயிருந்த கண்ணுசாமி, தன் வண்டியின் பின்கட்டையில் சின்னுசாமியுடைய மாடுகளின் கயிற்றைக் கட்டி, இரண்டு வண்டிகளையும் ஒற்றை ஆளாக நாலு நாள் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். சின்னுசாமியின் அப்பா கந்தப்பன் அப்போது வாசலில் கலப்பைக்கு மேழி செதுக்கிக்கொண்டிருந்தார். ஆளில்லாத வண்டியைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தார்.

"மூணு நாள் குளிர் காய்ச்சலுங்க மாமா. நாலாம் நாள் காத்தால பேச்சு நின்னுபோச்சுங்க. அங்கயே அடக்கம் பண்ணிப்போட்டமுங்க. கொண்டாரலாம்னுதான் பாத்தம். இந்த வெயில்ல முடியலீங்க."

கந்தப்பன் எழுந்து போய் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்தார். தொட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டினார். வலப்பக்கத்து மாட்டின் கழுத்தில் நுகம் உரசி உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகியிருந்தது. உள்ளே போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். அதற்குள் அவர் மனைவி வள்ளியாத்தாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கந்தப்பன் புண்ணைச் சுற்றி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். யாரோ வந்து கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கும்வரை தடவினார்.

அழுகை பிறகு வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வரவில்லை.

மகன் மேட்டூருக்குப் போனதற்குக் காரணம் துவரை. ஊருக்கு வடக்கே, மோகனூர் போகும் வண்டிப்பாதையை ஒட்டி, கந்தப்பனுக்கு நாலு ஏக்கர் செம்மண் காடு இருந்தது. அதில் ஆறு வருசமாகத் தொடர்ந்து ஆடிப்பட்டத்தில் துவரை விதைத்துவந்தார். மண்ணும் பயிரும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன, எதற்கு மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. நாலாம் வருசமே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி வாடியது. ஐந்தாம் வருசம் திட்டுத் திட்டாக வாடியது. "இந்த வருசம் சோளம் போட்டுப் பாக்கலாமுங்கய்யா" என்று சின்னுசாமி சொன்னான். பத்தொன்பது வயதுப் பையன் பேச்சைக் கேட்டு யாராவது பயிரை மாற்றுவார்களா? மறுபடியும் துவரையே விதைத்தார். கார்த்திகையில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நின்ற காடு, மார்கழி முடிவதற்குள் விறகாகிவிட்டது. ஈரம் இருந்தது. புழு இல்லை, பூச்சி இல்லை. இலை தொங்கியபடியே செடி நின்ற இடத்தில் நின்று செத்தது. தை மாதம் சின்னுசாமி வண்டியைக் கட்டினான். வைகாசியில் வண்டி மட்டும் திரும்பி வந்தது.

அந்த ஆனி மாதம் சுவாமிநாதன் வந்தார். நாமக்கல்லில் விவசாய இலாகாவில், குடியானவர்களுக்குச் செய்முறை காட்டும் டிமான்ஸ்டிரேட்டர் வேலை. முப்பது வயதிருக்கும். சைக்கிளை வேலமரத்தில் சாய்த்துவிட்டு, காட்டில் இன்னும் பிடுங்காமல் நின்ற காய்ந்த செடி ஒன்றை வேரோடு இழுத்தெடுத்தார். பேனாக்கத்தியால் தண்டின் பட்டையை உரித்து, கந்தப்பனிடம் நீட்டினார். பட்டைக்கு அடியில் கட்டையில், வேரிலிருந்து மேலே ஒரு முழத்துக்கு, மசிக்கோடு இழுத்ததுபோல் கறுப்பு ஓடியிருந்தது.

"இது மண்ணுல இருக்கிற நோவுங்க. காளான் மாதிரி, ஆனா கண்ணுக்குத் தெரியாது. வேர் வழியா உள்ள ஏறிக்குது. செடி தண்ணி குடிக்கிற குழாயையே அடைச்சுப்போடுது. ஒரே காட்டுல திரும்பத் திரும்பத் துவரை போட்டா மண்ணுல சேந்துக்கிட்டே போகும். மூணு நாலு வருசம் சோளம் போட்டு, பழைய கட்டையெல்லாம் பொறுக்கி எரிச்சாத்தான் கொறையும்."

கந்தப்பன் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். சோளம் என்ற சொல் காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

சுவாமிநாதன் கத்தியை மடக்கினார். கொஞ்சம் தயங்கினார்.

"ஆனா நான் வந்தது அதைச் சொல்றதுக்கில்லீங்க. எனக்கு நோவு புடிச்ச காடு ஒண்ணு வேணும். அதுல வருசா வருசம் துவரையே போடோணும். செத்த செடியப் புடுங்கப்படாது, அதுலயே மடக்கி உழுதுடோணும். நோவு முத்தட்டும். அத்தனையும் மீறி ஏதாச்சும் நாலு செடி நின்னுதுன்னா அதுதான் விதை. அந்த விதையத் திரும்ப அங்கயே போடோணும். மூணு வருசமாச்சும் ஆகும். ஒண்ணுமே நிக்காமயும் போகலாம்." அவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு முன்ன மூணு ஊர்ல கேட்டேன். ஒருத்தர் கம்பைத் தூக்கிட்டு வந்துட்டார்."

"சரிங்க" என்றார் கந்தப்பன்.

"ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்களேன்."

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. எந்த மூலையிலிருந்து விதைக்கோணும்னு சொல்லுங்க."

பின்னாளில் சுவாமிநாதன் இதைப் பெரிய மனசு என்று பலரிடம் சொன்னார். அது பெரிய மனசு இல்லை என்று கந்தப்பனுக்குத் தெரியும். வழியில் போகிறவன் தண்ணீர் கேட்டால் சொம்பை எடுத்து நீட்டுவதுபோல நீட்டிவிட்டார். அந்தக் காட்டில் எது செத்தால் என்ன, எது நின்றால் என்ன? வேறு யாராவது வந்து காட்டை விற்றுவிடு என்று கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

வள்ளியாத்தாள் கேட்டுவிட்டு ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "அந்தக் காட்டுப் பக்கம் நான் கால் வெக்கமாட்டனுங்க" என்றாள். அதோடு முடிந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிணற்றுக்காடு இரண்டு ஏக்கர் இருந்தது. அதில் சோளமும் கொஞ்சம் பருத்தியும் வரும்.

ஊர் சும்மா இருக்குமா? மகன் போன துக்கத்தில் கந்தப்பனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, சாகிற பயிரை வேலை மெனக்கெட்டு விதைக்கிறான் என்று கிணற்றடியில் பேசினார்கள். அவர் காதுபடவும் பேசினார்கள். அவருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. காலையில் எழுந்து காட்டுக்குப் போனார். சுவாமிநாதன் சொன்னபடி கயிறு பிடித்து வரிசை போட்டு விதைத்தார், களை எடுத்தார், வெள்ளிக்கிழமைதோறும் வரிசை வரிசையாக நடந்து செத்த செடிகளை எண்ணினார். எண்ணிக்கையைச் சுவாமிநாதன் கொடுத்த நோட்டில் பென்சிலால் எழுதினார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அது அவரிடம் எதையும் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய் முணுமுணுக்கும், கால் நடக்கும். ஒரு செடி சாவது பெரிய சங்கதியாக இல்லை. திங்கட்கிழமை நுனி இலை வெளுக்கும். புதன்கிழமை தொங்கும். வெள்ளிக்கிழமை அதைத் தொட்டால் சருகு.

அந்த வருசம் தையில் நாலு ஏக்கரிலும் சேர்த்து இருபத்தாறு செடி நின்றது. ஒவ்வொன்றிலும் பனையோலைக் கீற்று ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். சுவாமிநாதன் ஒவ்வொரு செடியின் காயையும் தனித்தனித் துணிப்பையில் பறித்துப் போட்டு, பைக்கு எண் எழுதினார். கந்தப்பன் விதையைச் செம்மண் குழம்பில் பிசறி, காயவைத்து, இருபத்தாறு கலயத்தில் போட்டு வாயைக் கட்டினார்.

இரண்டாம் வருச விதைப்புக்கு முன்னால்தான் மயில்சாமி வந்தான். ஒன்றுவிட்ட தம்பி. கந்தப்பன் காட்டுக்குக் கீழ்ப்புறம், ஒரு வரப்பு தள்ளி, அவன் காடு. சுற்றி வளைக்கத் தெரியாத ஆள்.

"அண்ணா, நீங்க உங்க காட்டை என்ன வேணா பண்ணுங்க. நான் கேக்கலை. ஆனா நோவை வளத்தறீங்க. மழைத் தண்ணி உங்க காட்டுல இருந்து எங்காட்டுக்குத்தான் எறங்குது. அதுக்கென்ன பதில்?"

கந்தப்பன் அதை யோசிக்கவே இல்லை. அடுத்த முறை வந்த சுவாமிநாதனிடம் சொன்னார். சுவாமிநாதனின் முகம் மாறியது. "நானே முதல்ல சொல்லியிருக்கோணும்" என்றார். அன்றே மயில்சாமி வீட்டுக்குப் போய்ப் பேசினார். கீழ் வரப்பை இடுப்புயரம் உயர்த்துவது, உள்பக்கம் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீரைத் தேக்குவது, இந்தக் காட்டுக்கென்று தனிக் கலப்பை, தனி மண்வெட்டி வைத்துக்கொள்வது, உழுத மாட்டின் குளம்பைக் கழுவிவிட்டுத்தான் வெளியே ஓட்டுவது என்று ஒப்பந்தமானது. கந்தப்பன் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தார். இருபது நாள் தனியாக வரப்புக் கட்டினார். ஏர் அவிழ்த்த பிறகு ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து எட்டுக் குளம்பையும் குச்சியால் நோண்டிக் கழுவினார். மயில்சாமியே இரண்டு நாள் வரப்பு மேல் நின்று பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டான்.

ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் மழை பிடித்தது. நாலாம் நாள் பிற்பகல் கந்தப்பன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு காட்டைப் பார்க்கப் போனார். குழி நிரம்பித் தண்ணீர் வரப்பின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வடகிழக்கு மூலையில், எலி வளை ஏதோ இருந்திருக்க வேண்டும், வரப்பிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கை கனம் ஆனது. ஒரு மண்கட்டி பெயர்ந்து விழுந்தது. அப்புறம் ஆள் அகலத்துக்கு வரப்பு வாய் பிளந்தது. சிவப்புத் தண்ணீர் மயில்சாமியின் துவரைக்குள் இறங்கி, நாக்கு நீட்டியதுபோல் நீளமாக ஓடியது.

மண்வெட்டி கையில் இருந்தது. கோணிப்பை தலையில் இருந்தது. மண்ணை வாரி அதில் போட்டு அடைத்திருக்கலாம். அவர் நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எங்கே போகிறது, யாருடைய காட்டுக்குள் போகிறது என்றெல்லாம் தெரிந்தது. தெரிந்தது கை வரைக்கும் வரவில்லை. பிறகு குளிர் எடுத்து உடம்பு நடுங்கியபோதுதான் மண்வெட்டியை ஓங்கினார். அடைத்து முடிக்கும்போது குழியில் பாதித் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது.

வரப்பு உடைந்ததை மறுநாளே மயில்சாமியிடம் சொன்னார். நின்றதைச் சொல்லவில்லை.

தையில் மயில்சாமி களத்துக்கு வந்தான். கையில் வேரோடு பிடுங்கிய துவரைச் செடி. பட்டையை அவனே உரித்திருந்தான். கறுப்புக் கோடு.

"தண்ணி ஓடுன தடத்துல மட்டும் நாப்பது செடி" என்றான். "பாத்தீங்களா? இந்த வருசம் நாப்பது. வாற வருசம் அந்தத் தடம் முச்சூடும் போகும். அதுக்கடுத்த வருசம் காடே போகும். பயிர் ஆபீசரே சொல்லிட்டார், அங்க இனிமேல் நாலு வருசம் துவரை போடக்கூடாதுன்னு. எனக்கு வேற காடு இருக்குதுங்களா?"

கந்தப்பன் செடியை வாங்கிப் பார்த்தார்.

"எம்பையன் மருதாசலம் மேட்டூருக்குப் போறேங்கறான்" என்றான் மயில்சாமி. குரலில் கோபம் இல்லை. களைத்துப் போயிருந்தான். "இங்க இருந்து என்ன பண்றதுங்கறான். வண்டிக்கு அச்சு மாத்தக் கொடுத்திருக்கறான்."

கந்தப்பனுக்குத் திடுக்கென்றது. கிணற்றுப் படியில் கால் தவறும்போது விழுவதற்கு முன்னால் வருமே, அது. ஒன்றரை வருசத்தில் அவருக்கு உடம்பில் எதுவும் இப்படி நடந்ததில்லை. கையிலிருந்த செடியைக் கீழே போட்டார்.

"மயிலு, வரப்பு உடைஞ்சப்ப நான் அங்கதான் இருந்தேன்."

"சொன்னீங்களே."

"உடையறதுக்கு முன்னாலிருந்தே இருந்தேன். அடைச்சிருக்கலாம். நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

மயில்சாமிக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. "எதுக்குங்கண்ணா?"

"தெரியல."

"எம்மேல ஏதாச்சும் காட்டமா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா நின்னேன்."

மயில்சாமி அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். அடிக்கத்தான் போகிறான் என்று கந்தப்பன் நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் கந்தப்பன் மயில்சாமி வீட்டு வாசலில் போய் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னார்.

"கெணத்துக்காட்டை நாலு வருசத்துக்கு நீ எடுத்துக்க. அது சுத்தமான மண்ணு. இதுவரைக்கும் துவரையே போட்டதில்ல. துவரையை அங்க போடு. உன்ற கீழ்க்காட்டுல சோளம் போடு. ஆபீசர் சொன்னாப்பல பழைய கட்டையெல்லாம் பொறுக்கி எரிச்சுடு. கட்டை பொறுக்க நானும் வாரேன்."

"அப்ப நீங்க எதத் திங்கறது?"

"கீழ்க்காட்டுச் சோளத்துல பாதி குடு. போதும்."

உள்ளேயிருந்து மருதாசலம் வெளியே வந்தான். இருபத்தொரு வயது. திண்ணென்ற தோள். கையில் வண்டி மை. கந்தப்பன் அவனை நேராகப் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. சின்னுசாமியைவிட ஆறு மாதம் இளையவன்.

"நீ போவேண்டாம்" என்றார்.

"ஏனுங்க பெரியப்பா?"

கந்தப்பன் அவன் கையிலிருந்த வண்டி மையைப் பார்த்தார். "கெணத்துக்காட்டுல ஏத்தம் எறைக்க ஆள் வேணும்" என்றார். "உங்கப்பன் ஒருத்தனால ஆகாது."

மருதாசலம் அப்பனைப் பார்த்தான். அப்பன் கிணற்றுக்காட்டை மனசுக்குள் அளந்துகொண்டிருந்தான். ஊரில் அதைவிட நல்ல மண் இல்லை. "ஒரு பட்டம் பாக்கறேன்" என்றான் மருதாசலம். பெரியப்பா மேல் பாசம் வந்து அவன் நிற்கவில்லை. நல்ல காட்டுக்காக நின்றான். கந்தப்பனுக்கு எதற்காக நின்றான் என்பது பொருட்டாக இல்லை.

கிணற்றுக்காட்டைக் கொடுத்ததைச் சொன்னபோது வள்ளியாத்தாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. "சரிங்க" என்றாள்.

அந்த மாசியிலும் பங்குனியிலும் கந்தப்பனும் மயில்சாமியும் கீழ்க்காட்டில் ஒரு கட்டை விடாமல் பொறுக்கிக் குவித்து எரித்தார்கள். கோடை உழவு போட்டு மண்ணை வெயிலில் காயவிட்டார்கள். இருவருக்கும் இடையே வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் இருந்தது. வரப்பு உடைந்த மூலையை மயில்சாமியே கல் வைத்துக் கட்டினான்.

மூன்றாம் வருசம், அந்த இருபத்தாறு கலயத்து விதையில் முந்தின வருசம் கழிந்தது போக மிஞ்சியது பதினொன்று. பதினொரு வரிசை விதைத்தார். இடையிடையே கடையில் வாங்கிய சாதாரண விதையையும் வரிசைக்கு ஒன்றாகப் போடச் சொல்லியிருந்தார் சுவாமிநாதன், எது செத்தது எது நின்றது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. கார்த்திகை பிறந்தது. கடை விதை வழக்கம்போல் சாக ஆரம்பித்தது. கலயத்து விதையிலும் முதல் வரிசை போனது, அப்புறம் ஒன்பதாவது. வெள்ளிக்கிழமைதோறும் கந்தப்பன் எண்ணினார். நான்காம் வரிசையில் எண்ணிக்கை ஏறவே இல்லை. ஏழாம் வரிசையில் எழுபது செடியில் மூன்று போனது, அதோடு நின்றுவிட்டது. தை பிறந்தபோது சருகுக் காட்டின் நடுவில் அந்த இரண்டு வரிசையும் பச்சையாகக் காய் பிடித்து நின்றன. நாலாம் வரிசையில் காய் சன்னம், செடிக்குக் கைப்பிடி தேறினால் அதிகம். ஏழாம் வரிசை ஆள் மார்பளவு வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. காயில் செவலைக் கீற்று.

சுவாமிநாதன் வரப்பில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஏழாம் வரிசையில் ஒரு செடியைப் பிடுங்கிப் பட்டையை உரித்தார். உள்ளே கட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்றைப் பிடுங்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். மண்ணிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கவுண்டரே, இத நான் கோயமுத்தூருக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்."

"எடுத்துக்கிட்டுப் போங்க."

"பாதி உங்களுக்கு. ஆனா ஒண்ணு. இந்த விதைன்னு நம்பி இதையும் ஒரே காட்டுல வருசா வருசம் போட்டீங்கன்னா நோவு இதுக்கும் வழி கண்டுபுடிச்சுடும். ஒரு வருசம் துவரை, ரெண்டு வருசம் சோளம். கட்டைய விடாமப் பொறுக்கோணும். தண்ணி தேங்கப்படாது. இந்தக் காட்டுக்கும் இனிச் சோளந்தான்." அவர் கந்தப்பனின் முகத்தில் எதையோ தேடினார். "சந்தோசமா இல்லீங்களா?"

கந்தப்பன் யோசித்தார். "நல்லாத்தான் நிக்குது" என்றார்.

சுவாமிநாதன் அந்த வருசமே கடப்பைப் பக்கம் மாறுதலாகிப் போனார். கோயமுத்தூருக்குப் போன பாதி என்ன ஆனது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஊரில் நின்ற பாதி பின்னால் ஐந்தாறு வீட்டுக் காடுகளுக்குப் போனது. மயில்சாமியின் கீழ்க்காட்டில், சோளத்துக்குப் பிறகு, அந்தத் தடத்திலும் அது நின்றது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்தத் தையில், அறுப்பு நாளன்று ஒன்று நடந்தது. ஊர் முழுக்க அறுப்பு. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. காலையில் கந்தப்பன் அரிவாளும் கூடையுமாகக் கிளம்பியபோது, வள்ளியாத்தாள் இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். காட்டு வரப்பில் ஒரு கணம் நின்றாள். அப்புறம் இறங்கினாள். கந்தப்பன் நாலாம் வரிசையில் இருந்தார். அவள் எங்கே தொடங்கினாள் என்று அவர் கவனிக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு கூடையை மாற்றப் போனவர், அவள் கூடையைப் பார்த்தார். ஏழாம் வரிசைக் காயும், பக்கத்தில் அரையும் குறையுமாய்ப் பிழைத்திருந்த எட்டாம் வரிசைக் காயும் ஒன்றாகக் கிடந்தன.

"என்ன பண்ணி வச்சிருக்கற?"

"காய் பறிச்சிருக்கறனுங்க."

"ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டயே. இது விதைக்கு. அது நோவு தாங்காதது. மூணு வருசம். மூணு வருச வேலை ஒரே கூடையில போச்சு."

"எல்லாம் துவரைதானுங்க."

"உனக்கென்ன தெரியும்? ஒரு நாளாச்சும் இங்க வந்திருக்கறயா?" அவர் குரல் எழும்பியது. அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "நாய் மாதிரி காவல் கெடந்திருக்கறேன். ஒவ்வொண்ணா எண்ணியிருக்கறேன். வந்து ஒரே நாள்ல அள்ளிக் கலந்துட்டு, எல்லாம் துவரைங்கற."

வள்ளியாத்தாள் கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எண்ணுனீங்க. செத்த செடிய எண்ணுனீங்க. மேட்டூர் போய் அவனைப் பொதைச்ச எடத்தைப் பாத்துட்டு வரலாமுங்கன்னு உங்களக் கேட்டேன். ஒரு தரமில்ல, ரெண்டு தரம். என்ன சொன்னீங்க?"

"எப்பக் கேட்ட?"

"மொத வருசம் தெவசத்துக்கு முந்தி ஒருக்கா. போன தீவாளிக்கு ஒருக்கா. சரின்னீங்க. ரெண்டு தரமும் சரின்னுட்டு, நோட்டை எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டீங்க. அதுக்கு மேல நான் யாரைக் கேக்கறது? கண்ணுசாமியைக் கூட்டிக்கிட்டு நான் தனியாப் போவேனா?"

கந்தப்பன் நினைவைத் துழாவினார். தீபாவளி. இவள் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள்? ஒன்றும் அகப்படவில்லை. அந்த மூன்று வருசமும் வெள்ளிக்கிழமைகளும் எண்களுமாகத்தான் கிடந்தது.

"பொய் சொல்லாத" என்று கத்தினார். பொய் இல்லை என்று தெரிந்தே கத்தினார்.

"நான் எதுக்குங்க பொய் சொல்லோணும்" என்று அவளும் கத்தினாள்.

கீழ்க்காட்டில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த மயில்சாமியும் மருதாசலமும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியப்பா வீட்டில் சத்தம் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மயில்சாமி மகனின் தோளைத் தட்டினான். இருவரும் மறுபடி குனிந்து அறுக்கத் தொடங்கினார்கள்.

கந்தப்பனுக்குக் கோபம் காதுவரை சுட்டது. யார் மேல் கோபம் என்று அவருக்குத் தெரியவில்லை. இவள் மேலா, கூடை மேலா, தன் மேலா? ஆனால் கோபம் என்பது தெரிந்தது. உப்புக் காரம்போல அது நன்றாகத் தெரிந்தது.

பிறகு அவர் கூடையை வேலமரத்து நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் துண்டை விரித்துக் கவிழ்த்தார். வள்ளியாத்தாளும் வந்து எதிரே உட்கார்ந்தாள். "செவலைக் கீத்து இருக்கறது ஏழு" என்று காட்டினார் அவர். "மொட்டையா இருக்கறது எட்டு." அவள் ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏழில் போட்டாள். அவர் பார்த்தார். சரியாகத்தான் போட்டிருந்தாள்.

இரண்டு குவியலும் மெதுவாக வளர்ந்தன.

"அறுப்பு முடியட்டும்" என்றார் கந்தப்பன். "மாசியில போலாம். கண்ணுசாமிகிட்ட நானே சொல்றேன்."

"நோட்டுல எழுதி வெச்சுக்கங்க" என்றாள் வள்ளியாத்தாள். அவள் சிரிக்கவில்லை. அவருக்கு வலித்தது. அதுவும் தெரிந்தது.

வெயில் சாய்ந்தபோது கூடை முடிந்தது. அவள் மடியில் இன்னும் இரண்டு கைப்பிடி மீந்திருந்தது. கீற்று உண்டா இல்லையா என்று சொல்ல முடியாத காய்கள்.

"இது எதுன்னு எனக்குத் தெரியலீங்க."

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

"அது கொழம்புக்கு" என்றார்.